அறுபடாத கபடிப் பாட்டு

எங்கள் ஆட்டங்களுக்கு விசில் ஊதி ஊதியே தலை நரைத்த அவைத்தலைவர் சுவிசேஷமுத்து ஐயா அவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! தூறலைப் பொருட்படுத்தாமல் வந்த பந்தலூர்ப் பெரியோர்களே! கோப்பையை வென்ற குமரிகளே! சிரிக்காதீர்கள், நாற்பதைத் தாண்டினாலும் களத்தில் நாம் குமரிகள்தாம்! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

நான் ஷண்முகப்ரியா. இன்று இறுதி ஆட்டத்தில் தோற்ற கூடலூர் அணியின் தலைவி. "தோத்தவங்களுக்கு எதுக்குங்க மைக்கு?" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. நானேதான் கேட்டு வாங்கினேன், அண்ணா! வென்றவரின் பெருமையைச் சொல்ல, தோற்றவளைவிட உரிமை யாருக்கு உண்டு?

போன வருடமும் இதே இறுதி ஆட்டம். பந்தலூர்த் தலைவி தெய்வம்மா அக்கா பாடி வருகிறார். அவர் "கபடி கபடி" என்றாலே நாங்கள் பின்கோட்டுக்கு ஓடுவோம். அன்று பாதியில் 'டக்'கென்று ஒரு சத்தம். தாடை பூட்டிக்கொண்டது. பாட்டு அறுந்தது. கோப்பை எங்களுக்கு! தூக்கினேன், கை கூசியது.

அக்கா ஓரமாகக் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னாச்சுங்க அக்கா?" என்றேன்.

"அந்தக் காலத்து ஆட்டத்துல ஒருத்தி முழங்கால் தாடையில இடிச்சிருச்சு பிரியா. இப்ப சோறு மெல்ல முடியல. பல்லுதான்னு நெனச்சுப் புடுங்கியும் பாத்துட்டேன். இனி நான் ஆடல."

"அதெப்படிங்க? வாய் பூட்டுன உங்களை ஜெயிச்சது ஒரு ஜெயிப்புங்களா? முழுசாப் பாடி வாங்க. அப்புறம் புடிக்கறேன்!"

மறுநாளே ஊட்டி பஸ் ஏறினோம். டாக்டர் ஈவ்லின் காதுக்கு முன்னால் விரல் வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார். "பல் நோவு இல்லைங்க. தாடை மூட்டுத் தேய்மானம்" என்றார். மாத்திரை கொடுத்தார், பயிற்சி கொடுத்தார். மழைக்காலம் போயிற்று, வலி போகவில்லை. ஊசி போடலாம் என்றார்.

"காதுக்குள்ளயா டாக்டர்?" அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

"காதுக்கு முன்னாடிங்க. மரத்துப்போக வெச்சு, மூட்டைக் கழுவி, வழுவழுப்பு மருந்தை உள்ள விடுவோம். தேஞ்சது திரும்ப வளராதுங்க. வலி குறையலாம், வாய் திறக்கலாம். சிலருக்குக் கேக்காமயும் போகும்."

மறைக்காத அந்தச் சொல்லை நம்பி அக்கா தலையசைத்தார். அப்போது என் கையைப் பிடித்தாரே ஒரு பிடி! களத்தில்கூட அப்படிப் பிடிபட்டதில்லை நான்.

ஊசி போட்டதும் முதலில் வீக்கம். பிறகு மெல்ல மெல்ல நிவாரணம். ஒருநாள் போன் வந்தது: "பிரியா, கேரட்டைக் கடிச்சுத் தின்னுட்டேன்டி!" என் கடைக் கல்லாவில் உட்கார்ந்து அழுதேன், வாங்க வந்தவர்கள் விழித்தார்கள்.

டாக்டர் சரியென்ற பிறகே அக்கா களம் கண்டார். இன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அவர் காலைப் பிடித்தது யார்? நான்! மேலே விழுந்தது யார்? என் தோழிகள்! நின்றதா பாட்டு? தளர்ந்ததா தாடை? கபடி, கபடி, கபடி என்று முழங்கியபடியே, எங்கள் அத்தனை பேரையும் சேற்றில் இழுத்துப்போய் நடுக்கோட்டைத் தொட்டாரே! கையூன்றி எழுந்து நானும் கைதட்டினேன். தோற்றதில் இத்தனை ஆனந்தமா!

தாய்மார்களே, வலியைச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள். சகித்துக்கொள்ள நாம் கல் அல்ல!

டாக்டருக்கும், சேறென்றும் பாராமல் நின்று ரசித்த உங்களுக்கும் நன்றி, வணக்கம். அக்கா, மேடைக்கு வாருங்கள். இந்தாருங்கள் மைக். ஐயா, மணி அடித்துவிடாதீர்கள். ஒரு வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது!