தூண்டில் முனையைப் பிடித்தவர்

பொழுது சாய்கிற நேரம். சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வருகிற சாலை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்... தண்ணீர்... தவளைச் சத்தம். அந்தச் சாலையில் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. பாலத்துக்கு ஏறும் மேட்டில் நின்று பார்த்தால் ஒரு வீட்டு விளக்குகூடக் கண்ணில் படாது. அந்த மேட்டில்தான் பிரின்ஸின் பிக்கப் வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிரின்ஸை நான் பார்த்ததில்லை. என் நண்பன் ஜூடுவுக்குப் பெரியம்மா மகன் அவன். ஜூடு சொல்லித்தான் இந்தக் கதை எங்களுக்குத் தெரியும். நாங்கள் வேலை பார்க்கிற செராமிக் பட்டறையில் வைத்துச் சொன்னான். மார்கழிப் பனி. சூளை அணைந்தும் அதன் செங்கல் சுவரில் சூடு மிச்சம் இருந்தது. அதில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜூடு, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற மதிவதனி, நான். மதிவதனியின் புருஷன் நடராசன் மட்டும் வெளியே வண்டியில் தூண்டில் கட்டிக்கொண்டிருந்தான். விடிந்தால் லீவு. வெள்ளாற்றுக்குப் போவதாக ஏற்பாடு.

ஜூடு எட்டிப் பார்த்தான். "டேய், அத அவுறு."

"ஏன்டா? செவப்புத் துணி கட்டலன்னா? மதி, ஒன் பழைய பொடவ ஒண்ணக் கிழி."

"எம் பொடவதான் கெடச்சுதா? ஒன் லுங்கியக் கிழி. அதுவும் செவப்புதான்."

நாங்கள் சிரித்தோம். ஜூடு சிரிக்கவில்லை.

"துணி கட்டினாலும் வேணாம்டா. பின்னாடி நீட்டிக்கிட்டு எதுவும் வரக்கூடாது."

"பன்னெண்டடி மூங்கில எட்டடி வண்டிக்குள்ள எப்படிடா வெக்கிறது? மடிச்சா?"

"வந்து ஒக்காரு. சொல்றன். அப்பறம் நீயே அவுப்ப."

நடராசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மதிவதனி பக்கத்தில் உட்கார்ந்தான். ஜூடு சொல்ல ஆரம்பித்தான்.

பிரின்ஸ் செராமிக் லோடு ஓட்டுகிறவன். பியூஸ் கட்டை, பீங்கான் கிண்ணம், அகல் விளக்கு... வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டு சேத்தியாத்தோப்புப் பக்கம் போவான். இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி காலி. அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தி விரால் பிடிப்பான். அவனிடம் மூன்று மூங்கில் தூண்டில் இருந்தன. புதுசு. பார்த்துப் பார்த்து நெருப்பில் வாட்டி நேராக்கியவை.

அவற்றை வண்டியில் எப்படி வைப்பது என்பதுதான் எப்போதும் சங்கடம். மூலையில் நிறுத்திக் கட்டினால் மரக்கிளையிலும் மின்கம்பியிலும் போய் இடிக்கும். கேபின் மேல் படுக்க வைத்தால் முனை முன்கண்ணாடிக்கு மேல் ஆடிக்கொண்டு கண்ணைக் குத்துகிற மாதிரியே வரும். சுலபமான வழி ஒன்று உண்டு. அடிக்கழியைக் கேபின் ஓரத்தில் ஊன்றி, நுனியைப் பின்கதவுக்கு மேலே நீட்டிவிடுவது. அதற்குச் செய்ய வேண்டியது இரண்டே வேலை. நுனியில் சிவப்புத் துணி. நைலான் நரம்பைக் கழியில் சுற்றி, தூண்டில் முள்ளை ஒரு ரப்பர் செருப்புத் துண்டில் குத்தி வைப்பது.

அன்றைக்குத் தூறல் போட ஆரம்பித்துவிட்டது. பிரின்ஸ் இரண்டையும் செய்யவில்லை. விரால் முள்... பெருசு. மூன்றும் நுனியில் தொங்கிக்கொண்டு வந்தன.

மேட்டில் ஏறும்போது வண்டி லேசாகத் திணறியது. கேபினின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஒரு ஆள். சைக்கிளில் புல்லுக்கட்டு. ஒரு கை சைக்கிளில். இன்னொரு கை தூண்டில் நுனிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

அந்தப் பாலத்தில் அது வழக்கம்தான். சுமையோடு வருகிற சைக்கிள்காரர்கள் மேடு ஏறுகிற வரைக்கும் லோடு வண்டியின் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். டிரைவர்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மேடு முடிந்ததும் இரண்டு ஹாரன். பிடித்தவர் கையை எடுத்துக்கொள்வார். அப்புறம்தான் வண்டி வேகம் எடுக்கும்.

பிரின்ஸும் எத்தனையோ பேரை அப்படி ஏற்றிவிட்டவன்தான். ஆனால் அவர்கள் பிடித்தது வண்டியை. இந்த ஆள் பிடித்திருந்தது தூண்டிலை. மூங்கில் வளைவதை அவன் கண்ணாடியில் பார்த்தான்.

"முறிச்சுடப் போறான் பாரு..."

கோபம். ஒரு நொடிக் கோபம்தான். மேட்டின் உச்சி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

மூங்கில் 'கிர்ர்ர்...' என்றது. பின்னால் எதுவோ ரோட்டில் உரசிக்கொண்டே வந்தது. அப்புறம் நரம்பு அறுகிற சத்தம்... சின்னச் சத்தம்தான்... டப். வண்டிக்குப் பாரம் போய்விட்டது.

பாலம் தாண்டி நிறுத்தினான். இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தான். சைக்கிள் கிடந்தது. ரோடு முழுக்கப் புல். அந்த ஆள் பாலத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்திருந்தார்.

உட்கார்ந்துதானே இருக்கிறார்... ஒன்றும் ஆகியிருக்காது... வேறு வண்டி வரும்... எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தூறல் வலுத்தது. பிரின்ஸ் கிளம்பிவிட்டான்.

"கெளம்பிட்டானா?" என்றாள் மதிவதனி.

"கெளம்பிட்டான்."

அவள் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டாள்.

வீட்டில் அவன் மனைவி ரீட்டா விரால் குழம்பு வைத்தாள். அவன் தட்டில் கை வைக்கவில்லை. "என்னாங்க, நீங்க புடிச்ச மீனுதான... மொறச்சுப் பாக்குறீங்க?" என்று கேலி செய்தாளாம். வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டான்.

மறுநாள் லோடோடு அதே வழியில் போனான். பாலத்துக்கு அப்பால் இருக்கிற டீக்கடையில் அதே பேச்சு. சுப்புராயன் என்பவர். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவர். உள்ளங்கை கிழிந்து, பின்மண்டையில் அடி. சைக்கிள் சறுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டதாம். விடியற்காலைப் பால்காரர்தான் பார்த்திருக்கிறார். உட்கார்ந்த மேனிக்கே செத்துக் கிடந்தாராம்.

"நடு ராத்திரி வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாராம்பா," என்றார் கடைக்காரர். "மழையில ஒரு வண்டி வரலியே, பாவம்."

பிரின்ஸ் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று சாயங்காலம். இறக்கிவிட்டுத் திரும்புகிறான். வண்டி காலி. தூண்டில் இல்லை, எதுவும் இல்லை. பாலத்து மேடு. வண்டி ஏறுகிறது... ஏற ஏற, பின்னால் யாரோ பிடித்த மாதிரி... திணறியது. பழக்கமான திணறல். ஒரு சைக்கிள், ஒரு ஆள், ஒரு கட்டுப் புல்... அவ்வளவு பாரம்.

கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை.

வாசனை மட்டும் வந்தது. அப்போதுதான் அறுத்த புல்லின் ஈர வாசனை. கேபினுக்குள்ளேயே.

உச்சிக்கு வந்ததும் அவன் கை தானாகப் போய் ஹாரனை அடித்தது. இரண்டு தடவை. பாரம் போய்விட்டது. கையை எடுத்துக்கொண்ட மாதிரி. பதமாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மேட்டில் பிடிக்கும். உச்சியில் ஹாரன் அடித்தால் விட்டுவிடும். பயம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போயிற்றாம் அவனுக்கு. பழகியதுதான் பெரிய பாவம் என்று பிற்பாடு ஜூடுவிடம் அழுதிருக்கிறான்.

பிடிக்க எதுவும் இல்லாமல் செய்துவிட்டால் போய்விடும் என்று நினைத்தான். பிளம்பிங் கடையில் நீளமான பிவிசி பைப் வாங்கினான். கேபின் மேலிருந்து பின்கதவோடு முடிகிற மாதிரி வண்டியின் பக்கவாட்டில் கிளாம்பு போட்டு முடுக்கினான். மூங்கில் கழிகளைப் பாதியாக அறுத்து, நடுவில் பித்தளைக் குழாய் வைத்துச் செருகிச் சேர்க்கிற மாதிரி பண்ணினான். கழற்றிப் பைப்புக்குள் விட்டு, மேலே மூடி. ஒரு நூல்கூட வெளியே நீட்டாது. யார் பார்த்தாலும் மெச்சுவார்கள்.

ரொம்ப நாளைக்கப்புறம் அணைக்கட்டில் தூண்டில் போட்டான். ஒன்றும் கடிக்கவில்லை. பைப்பில் போட்டு மூடிக்கொண்டு வந்தான். மேட்டில் வழக்கம்போலப் பிடித்தது. ஹாரன் அடித்தான். விட்டது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கழிகளை இழுத்தான். வரவில்லை. சிக்கியிருக்கும் என்று ஆட்டினான். ஆடியது... ஆனால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான்.

உள்ளேயிருந்து அவனை இழுத்தது.

மீன் இழுப்பது அவனுக்குத் தெரியாதா? மீன் வெட்டி வெட்டி இழுக்கும். இது அப்படி இல்லை. மேடு ஏறுகிற மனுஷன் பிடிக்கிற பிடி. விடாமல்... ஒரே சீராக...

பைப்பின் அந்தப் பக்கத்துக்கும் மூடி போட்டிருந்தது.

"ஐயோ, போதும் ஜூடு," என்றாள் மதிவதனி. நடராசன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சூளைச் சுவர் ஆறிக்கொண்டு வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கழிகளைப் பைப்புக்குள்ளேயே விட்டுவிட்டான் பிரின்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் முட்டிபோட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தான். எல்லாவற்றையும் சொன்னேன் என்றுதான் ஜூடுவிடம் சொன்னான். சாமியார் கேட்டுவிட்டு, "எங்கிட்டச் சொன்னது சரி. அந்த வூட்டுலயும் போய்ச் சொல்லு. சொல்லாத வரைக்கும் ஒனக்கு எறங்காது," என்றாராம்.

போகிறேன் என்றான். போகவில்லை. லோடு இருக்குது, ரீட்டாவுக்கு ஒடம்பு முடியலை, கேஸு போட்டா வண்டி போயிடும்... தினம் ஒரு காரணம். தினம் அந்த மேடு. தினம் இரண்டு ஹாரன்.

ஒரு நாள் ஹாரன் அடித்தும் விடவில்லை.

மறுபடி அடித்தான். விடவில்லை. பாலம் தாண்டிச் சரிவில் இறங்கும்போதும் பாரம் கூடவே வந்தது. இறக்கத்தில் வண்டி முதல் கியரில் முக்குகிறது. புல் வாசனை மூச்சை அடைத்தது. கண்ணாடியில் கட்டியிருந்த செபமாலை பின்பக்கமாக... நேராக நீட்டிக்கொண்டு நின்றது. சரிவு முடிந்து ரோடு திரும்புகிற இடத்தில், பாலத்திலிருந்து தெரியாத ஒரு ஓட்டு வீடு. அதற்கு நேராக வந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது.

வாசலில் ஒரு அம்மா கன்றுக்குட்டியை முளையில் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பாலத்துல தெனம் ரெண்டு ஆரன் அடிக்கிற வண்டி இதானா?"

பிரின்ஸ் கதவைத் திறந்தான். இறங்கி நின்றான்.

"வூட்டுக்குள்ள இருந்தாலும் எனக்குக் கேக்கும். எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, அப்படி அடிக்கிறவன்தான் மனுசன்னு. இப்ப யாரும் புடிச்சிக்கிட்டு வராட்டியும் நீ அடிக்கிற. எந்த ஊரு புள்ளயோ, நல்லா இருக்கட்டும்னு நெனச்சிக்குவன்." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவரு போனாரே, அன்னிக்கு ஆரனே கேக்கல; மழைக்கு எங்கயோ ஒதுங்கித் தங்கிட்டாருன்னு இருந்துட்டன். ஒருத்தன் அடிக்காமப் பூட்டான் போலருக்குது."

அவள்தான் கொளஞ்சியம்மாள். சுப்புராயனின் மனைவி.

பிரின்ஸ் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நான்தாம்மா," என்றான். "அது நான்தான்."

கன்றுக்குட்டி கத்தியது. அவள் கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அவன் தூண்டிலைச் சொன்னான், முள்ளைச் சொன்னான், கோபத்தில் மிதித்ததைக்கூடச் சொல்லிவிட்டான். நின்று பார்த்ததையும் சொன்னான். உட்கார்ந்திருந்ததால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துவிட்டேன் என்றான். எல்லாம் கேட்டாள். கன்றின் கயிற்றை முளையில் இறுக்கி முடிந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒன்னயக் கூப்புட்டாரா?"

"இல்லம்மா."

"ஒரு வாட்டிகூடவா?"

"இல்லம்மா. சத்தியமா."

கொளஞ்சியம்மாள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக, வண்டிக்குப் பின்னால், இருட்டிக்கொண்டு வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கூப்புடுறாரே," என்றாள். "கேக்குதா?"

ஜூடு அதோடு நிறுத்திவிட்டான். பட்டறைக்கு வெளியே பனியில் எங்கள் வண்டி நின்றது. நடராசன்தான் மெதுவாகக் கேட்டான்.

"கேட்டுச்சாமாடா?"

"கேட்டுச்சாம்."

ஜூடு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அன்னிக்கும் கேட்டுச்சாம்."