அவள் குரல் கேட்டால்தான்

மணி நாலே முக்கால். குழந்தைகள் காப்பகத்தின் கதவைத் தாழிட்டுவிட்டு ஆயா சுவர் போனை எடுத்தாள். அவள் செல்லில் ஒரு செய்தி வந்திருந்தது: ‘பாப்பாவ அவ அப்பாகூட அனுப்பிடுங்க.’ தாயின் எண்தான். வாசலில் அப்பன் நின்றான், கையில் இரும்புக் கம்பியோடு.

“ஹலோ... தையல் கூடமா? மாஸ்டர், காப்பகத்து ஆயா பேசுறேன்... ஆமா, ஆமா. காஜா மெஷின்ல இருக்காளே, பாப்பாவோட அம்மா, அவளக் கொஞ்சம் கூப்பிடுங்க... வேலை நேரம்னு தெரியும். ‘செல்லுல என்ன வந்தாலும் நம்பாதீங்க, கூடத்து போன்ல என் குரலக் கேட்டாத்தான் பிள்ளைய விடணும்’னு அவளே எங்கிட்ட சொல்லி வச்சிருக்கா... சாப்பிடப் போனவளா?... இன்னுமா திரும்பல?”

கதவில் முதல் அடி விழுந்தது. தாழ்ப்பாளின் திருகு ஒன்று தெறித்தது.

“ஒரு நிமிஷம் இருங்க மாஸ்டர்.”

இன்னொரு கையால் செல்லில் தாயின் எண்ணை அழுத்தினாள். அந்த போனின் மணி கதவுக்கு அந்தப் பக்கம் அடித்தது, அவன் சட்டைப்பையில்.

“மாஸ்டர்... அவ போன் இவன்கிட்ட இருக்கு... புருஷன்தான், வேற யாரு? அவ வீடு உங்களுக்குப் பின்சந்துதானே, ஆள் அனுப்புங்க... பூட்டியிருந்தா உடைங்க. போலீசுக்கும் சொல்லுங்க. போன வைக்காதீங்க.”

சன்னல் உடைந்தது. ஒரு கை உள்ளே வந்து தாழைத் தேடியது. கண்ணாடி கிழிக்கும் முன்பே அந்தச் சட்டைக்கையில் முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. ஆயா இஸ்திரிப் பெட்டியை எடுத்து விரல்கள் மேல் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் ஊளையிட்டான்.

“இன்னொரு கையையும் விடுடா. ரெண்டையும் சமமா ஆக்கிடுறேன்... உங்கள இல்ல மாஸ்டர், நீங்க சொல்லுங்க.”

மேசைக்கடியில் பாப்பா தன் செருப்பை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவில்லை.

“ஆங்... உடைச்சாச்சா?... அடுப்படியிலயா?... சரி... சரி... தலையிலயா?... ரத்தமெல்லாம் அப்புறம் சொல்லுங்க மாஸ்டர். மூச்சு இருக்கா? பக்கத்துல குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க... பாக்குறானா?... ம்... ம்...”

வெளியே கம்பி கதவை விட்டுச் சுவருக்கு மாறியது. போன் வயர் ஆணியோடு பிய்ந்து வந்தது; காதில் மாஸ்டரின் குரல் அறுந்தது.

“மாஸ்டர்... மூச்சு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.”