இரண்டாவது டிரம்

கிட்டே வந்து உட்கார், அம்மா. எஸ்.ஐ.யைப் போய் இந்தக் கிழவி ‘நீ’ என்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, சிந்து. சாந்தோம் கோயிலில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கதை சொல்லிப் பழகிய வாய் இது. சின்ன முகத்தைப் பார்த்தால் தானாக அப்படி வந்துவிடுகிறது. உனக்கும் ஒரு கதை சொல்கிறேன். மீன் தொட்டி வாங்கின கதை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சிரமம் இருக்காது.

மாடிக்கு மீன் தொட்டி தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. கண்ணாடி என்றால் வெயிலில் பாசி பிடிக்கும். சிமென்ட் என்றால் பழைய மாடி தாங்காது. என் தங்கை ஐரின் இதையெல்லாம் யூடியூபில் பார்த்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். கீழே மீன், மேலே கூழாங்கல் தட்டில் கீரை. மீன் கிடந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். கீரை தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தெளிவாக்கித் திருப்பி அனுப்பும். மண்ணே வேண்டாம். அக்வாபோனிக்ஸ் என்று பேர். எனக்கு அது வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது.

ஐரினின் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் இறந்ததும் அவள் என்னிடம் வந்துவிட்டாள். ஒன்பது வருஷம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வருவதற்கு முன் இந்த வீட்டில் அரை மூடித் தேங்காய் வாங்கினாலும் பாதி கெட்டுப்போகும். ரேடியோவில் வணக்கம் சொன்னால் பதிலுக்கு நானும் வணக்கம் சொல்வேன். அப்படி இருந்தேன்.

இந்த மீன் யோசனை ஐரினுக்கு வந்தது ஞானதாஸ் வழியாக. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், மனைவியை இழந்தவர். ஆதம்பாக்கத்துக்காரர். பறக்கும் ரயிலில் மந்தைவெளிக்கு வந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் மாடியில் இருப்பார். எனக்குச் சிறுநீரகக் கல், கீரை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“உங்க அக்கா கல்லை வளக்கட்டும் ஐரின், நாம கீரைய வளப்போம்,” என்பார்.

“சும்மா இருங்க. அந்தக் கல்லு உங்க தலைல வந்து விழப் போகுது,” என்பாள் அவள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

போன நவம்பரில் ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “அக்கா, ஜனவரில கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்னு ஃபாதர் சொல்றாரு. அறுபத்திரண்டு வயசுல கல்யாணமான்னு சிரிக்காத. அப்புறம் ஆதம்பாக்கந்தான். நீ வாரா வாரம் வந்துடு, என்ன? தொட்டிய மட்டும் தூக்கிட்டுப் போற மாதிரி டிரம்மா பாருக்கா. எனக்கு முட்டி வலி, நீ போய் எடுத்துட்டு வா.”

போனேன். ஈக்காட்டுத்தாங்கலில் காதர் பாய் பழைய நீல டிரம் விற்கிறார். பழைய டிரம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், இதற்கு முன் அதில் என்ன இருந்தது என்பது. கேட்டேன்.

“இது மாம்பழக் கூழ் வந்த டிரம்மும்மா. மோந்து பாருங்க, இன்னும் வாசன கீது,” என்றார்.

“அந்தப் பக்கம் இருக்கிறது?”

“அத்த வுடுங்க. முலாம் பட்டறை மருந்து. அடில கட்டி தட்டிக்கினு கீது பாருங்க, மஞ்சளா. தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க.”

வாசலில் கார் நிறுத்தாமல் மறித்து வைக்கத்தான், எதுவானால் என்ன என்றேன். “அதுக்குன்னா எட்துனு போங்க,” என்று அவரே ஆட்டோவில் கட்டிக் கொடுத்தார்.

ஐரினிடம் மாம்பழக் கூழ் என்றேன். உள்ளே நானே கழுவிவிட்டதாகவும் சொன்னேன். மீன் செத்தால் போதும் என்பது மட்டுமே என் நினைப்பு. மீன் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு எங்கள் படியேற வேலை இல்லை, பார்.

டிரம்மில் மீன் விட்ட நான்காம் நாள் எல்லாம் செத்து மிதந்தன. ஐரின் அழுதாள். அவர் பாட்டுப் பயிற்சிக்குக்கூடப் போகாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அதனால் புது மீன் வாங்கித் தொட்டியில் விட்டேன். அதன் பிறகு ஐரின் காலைப் பூசைக்குப் போகும் நேரத்தில் செத்ததை எடுத்துவிட்டு உயிரோடு இருக்கும் ஜிலேபிக் கெண்டையை விட்டுவைப்பேன். அடையாற்றில் மீன் விற்கிறவர் என்னைப் பெரிய மீன் பிரியை என்று நினைத்துக்கொண்டார்.

கீரை செழித்து வந்தது. ஐரின் தினமும் சாப்பிட்டாள். ஞானதாஸ் ஒரு கட்டு கேட்டார். ஐரினுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஜனவரியில் அவளுக்கு விரல் மரத்துப்போனது. பிறகு வாந்தி, சீப்பு நிறைய முடி. வயதுக் கோளாறு என்றார் ஒரு டாக்டர், நரம்பு என்றார் இன்னொருவர். ஓலை வாசிப்பதைத் தள்ளிவைத்தார்கள். ஞானதாஸ் பழப்பையோடு வந்து நிற்பார். “இப்பதான் கண்ணசந்தா,” என்பேன். பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வேன், அம்மா. கஞ்சியை ஆற்றி ஊட்டுவேன். தலையைத் துவட்டிவிடுவேன். இருவரும் சேர்ந்தே ஜெபமாலை சொல்வோம். ஒருநாள் என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “நீ இல்லன்னா நான் என்னக்கா ஆவேன்,” என்றாள். எழுபத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒருத்தருக்கு நான் இல்லாமல் முடியாது என்று ஆனது.

ஜூன் மாதம் மீன்கள் சாவது நின்றது. அடியில் கையை விட்டுப் பார்த்தேன், கட்டி கரைந்துபோயிருந்தது. ஐரின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தாள். போனில் அவரோடு பேசிச் சிரித்தாள். “அக்கா, ஆகஸ்ட்ல ஓலை வாசிக்கச் சொல்லவா?” என்று கேட்டாள். சொல் என்றேன்.

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கல் போனேன்.

“மறுக்கா அதே மருந்து டிரம்மா? தண்ணி ஊத்தக் கூடாத மாலும்மா அது. முன்ன எட்துனு போனது இன்னா ஆச்சு?”

கார்க்காரன் இடித்துவிட்டான் என்றேன். அவர் தூக்க லேசான ஒன்றைக் காட்டினார். வேண்டாம் என்று, ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் குனிந்து பார்த்து, கட்டி அதிகமாக இருந்ததை எடுத்தேன். பழையதில் ஓட்டை விழுந்ததாக ஐரினிடம் சொன்னேன். நல்ல வேளை பார்த்தாய் என்றாள்.

பிரேதப் பரிசோதனையில் விஷம் என்று வந்ததும் உங்கள் ஆட்கள் மாடியில் இருந்து கொண்டுபோனது அந்த இரண்டாவது டிரம். முதல் டிரம் படிக்கட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கிறது, யாரும் பார்க்கவில்லை. தெரியாமல் வாங்கிய கிழவி, ஏமாற்றி விற்ற வியாபாரி என்று எழுதி, காதர் பாயைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். இன்று காலை காதர் பாயின் சம்சாரம் அமீனா பீ வந்தாள். “எல்லார்கிட்டயும் சொல்லித்தாம்மா குடுப்பாரு,” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரை விட்டுவிடு, அம்மா. அவர் இரண்டு தடவையும் சொன்னார். இரண்டு தடவையும் தெரிந்தேதான் எடுத்தேன். ஒரு வீட்டில் ஆள் இல்லாமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஐரின் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி என் மடியில் போனாள். வலி இருந்தது, ஆனால் தனியாக இல்லை. பட்டினப்பாக்கம் பக்கத்துக் கல்லறையில் வைத்திருக்கிறோம். ஆதம்பாக்கம் என்றால் நான் ரயில் ஏற வேண்டும். இது நடக்கிற தூரம்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டு. உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரையும் மாதா நன்றாக வைத்திருக்கட்டும். உலையில் அரிசியும் வாசலில் செருப்புகளும் குறையாமல் இருக்கட்டும். உன்னை நேசிக்கிறவர்களில் ஒருவர்கூட, எந்தக் காலத்திலும், உன்னை விட்டுப் போக முடியாமல் இருக்கட்டும்.