வேர் மக்கும் காலம்

இருபத்தாறு மணி நேரமாக இந்த ஸ்டேஷன் அறையில் எனக்கு டீ ஒழுங்காகக் கிடைக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

மரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மண் அணையில் மரம் நிற்கக் கூடாது. நேற்று உடைந்து பள்ளத்துத் தெருவை வாரிக்கொண்டு போனது சின்ன அணைதான். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடும். மற்ற நாளில் வெறும் புல்மேடு. புல் வெட்டுவது, எலி வளை அடைப்பது, முளைக்கிற செடியைப் பிடுங்குவது என் வேலை. ஒரு செடியை மட்டும் விட்டுவைத்தேன்.

அணை வருவதற்கு முன்னால், மழை வலுத்தால் அக்கா பள்ளத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டிலிருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமா, பிள்ளைகள், எல்லோரும். பத்து நாளாவது இருப்பார்கள். நான் தனி ஆள். பாய் போதாமல் போர்வையை விரித்துப் படுப்போம். மாமா என் சமையலைக் கிண்டல் செய்துகொண்டே மறுபடியும் தட்டை நீட்டுவார். சின்னவள் என் காலைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள்.

அணை கட்டிய வருஷம் யாரும் வரவில்லை. நானே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள்.

"போக்கிடம் இல்லாம உன் பொந்துல வந்து கிடந்தோம். இனிமே எதுக்குடி?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு வாய்தான் அப்படி.

அடுத்த மாதம் கரை பார்க்க ஆள் எடுத்தார்கள். சேர்ந்தேன்.

செடி மரமாகி என் இடுப்பளவு பருத்ததும் ஆள் வைத்து வெட்டினேன். பார்வையிட வந்த இன்ஜினியர் பாராட்டினார். வேரைத் தோண்டி எடுத்து, குழியில் மண் போட்டு இடித்தாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். தோண்டாமல் விட்ட அடிக்கட்டையின் மேல் புல் பதித்திருந்தேன். நான் தாவரவியல் படித்தவள். வேர் மக்கினால் அந்த இடத்தில் குழாய்போலத் துளை விழும். தண்ணீர் அதில் புகுந்து மண்ணை அரிக்கும். அவசரப்படவில்லை. பல மழைக்காலம் பொறுத்திருந்தேன்.

யாரையும் கொல்ல நினைக்கவில்லை, ஐயா. கரை கசிந்தால் பயம் வரும். பயந்தால் மேட்டுக்கு வருவார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்து, புதுப் பாய்கள் வாங்கி வைத்திருக்கிறேன். போய்ப் பாருங்கள், கட்டுகூடப் பிரிக்கவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாளா என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

விடிந்ததும் செய்தாள். கரையடியில் கலங்கலாகத் தண்ணீர் வருகிறது, பயப்படுகிறேன் என்று மாமா கேலி பண்ணுகிறார், சின்னவள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள் என்றாள். குரலில் சிரிப்பே இல்லை.

"நீதானேடி கரையைப் பாக்குறவ. நீ சொல்லு, கிளம்பி வரட்டுமா?"

நான் கரைமேல்தான் நின்றுகொண்டிருந்தேன். கட்டை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதுக்கா," என்றேன். "எல்லாரும் வீட்லயே இருங்க."