டைப் பண்ணாமல் விட்டது

எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலம்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்க்கும் ஓர் அம்மாவும், அதே கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“காஷ்மீர்ல இருந்து உங்கண்ணன் இன்டர்நெட்டு பிளாக்ல எழுதறதப் படிச்சுட்டு என்ற பையனும் பட்டாளத்துல சேர்ந்துட்டான் கண்ணு. திங்கக்கெழம ரயிலு. அங்க பனியும் கிரிக்கெட்டுந்தானா?”

“அண்ணன் லெட்டர் போடுமுங்க, நாந்தான் டைப் பண்ணி ஏத்தறேன். கூட இருந்தவங்க செத்ததையெல்லாம் விட்டுருவேன். எங்கம்மா படிக்குமுங்க.”

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“விட்டதக் குடு. அவன் படிச்சுட்டுப் போகட்டும்.”

“வெளிய தெரிஞ்சா அண்ணனுக்கு வம்புங்க.”

“என்ற பையனுக்கு?”

பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க ஊட்டுக்கு வந்து நானே படிச்சுக் காட்டறேனுங்க.”

ரயில் திங்களா செவ்வாயா என்பது எனக்குச் சந்தேகம். விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள்.