வெள்ளைக் கோட்டும் தக்காளி சூப்பும்

இல்ல அண்ணி, டீயெல்லாம் வேணாம், தண்ணி மட்டும் போதும். படியேறி வந்ததுல மூச்சு வாங்குது, வேற ஒண்ணும் இல்ல. அண்ணன் வெளிய போயிருக்காருன்னு கீழயே சொன்னாங்க. பரவால்ல, நான் அவரப் பாக்க வரல, இந்தப் பையக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். லாக்கர்ல அவரு சாமானெல்லாம் அப்படியே கெடந்துச்சு. அன்னிக்கு வெளிய போன மனுஷன் திரும்பி எட்டியே பாக்கல. இந்தாங்க, ஷூ, குடை, சீப்பு. அப்புறம் இது என்னன்னு பாருங்க. பிளாஸ்திரி டப்பா! மத்தவங்க லாக்கரத் தொறந்தா சென்ட் பாட்டில் இருக்கும், கண்ணாடி இருக்கும். அண்ணன் லாக்கரத் தொறந்தா பிளாஸ்திரி, பஞ்சு, வலி தைலம். உள்ளுக்குள்ளயே ஒரு குட்டி ஆஸ்பத்திரி நடத்திட்டு இருந்திருக்காரு.

அப்பாடா, சிரிச்சுட்டீங்க. கதவத் தொறந்தப்ப உங்க மொகத்தப் பாத்துட்டு, தப்பான வீட்டுக்கு வந்துட்டமோன்னு திரும்பிப் போகப் பாத்தேன்.

நானா? அந்த ஹோட்டல்ல பார்ட்டி ஹால்ல அண்ணன்கூட பரிமாறுற பொண்ணு. என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காரா? வாயாடியா? ஆமா, அது நான்தான். நல்ல பேருதான் வாங்கிக் குடுத்திருக்காரு.

சரி, அங்க அவருக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? பூகம்பம். நெசமாத்தான் அண்ணி. மேனேஜர்லேர்ந்து பாத்திரம் கழுவுற அக்கா வரைக்கும் அந்தப் பேருதான். பூகம்பம் வந்தாச்சா, பூகம்பம் சாப்டாச்சா. அவரும், என்னம்மா, கூப்ட்டியான்னு சாதாரணமா திரும்பிப் பாப்பாரு. ஒரு நாளும் மொகம் சுளிச்சதில்ல.

நான் வேலைக்குச் சேந்த அன்னிக்குத்தான் அவர முதல்ல பாத்தேன். பாத்தேன்னா, பறந்து வர்றதப் பாத்தேன். சமையல் கூடத்துக்கு ரெண்டு கதவு இருக்கும், தள்ளுனா தொறந்துக்கிட்டு தானா மூடிக்கும். ஒண்ணு உள்ள போறதுக்கு, ஒண்ணு வெளிய வர்றதுக்கு. அங்கயே காலத்த ஓட்டுன மனுஷன், அன்னிக்கு என்னமோ ஞாபகத்துல, வெளிய வர்ற கதவு வழியா உள்ள போனாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து கழுவுற அக்கா கழுத்து ஒசரத்துக்குத் தட்ட அடுக்கித் தூக்கிட்டு வருது. அக்காவ ஒரு பக்கமா தள்ளி விட்டுட்டு மொத்தத் தட்டையும் இவரு தன் மேல வாங்கிக்கிட்டாரு. இதுல வேடிக்கை என்னன்னா, விழுறதுக்கு முன்னாடியே ஸாரி சொல்லிடுவாரு. கால் தரையில இல்ல, ஆளு காத்துல இருக்காரு, ஸாரி ஸாரின்னு சத்தம் வருது. அப்புறம்தான் தொப்புன்னு விழுறாரு.

இன்னொரு நாளு பாருங்க, ஒரு பெரிய மேஜைக்கு எல்லாம் அழகா எடுத்து வெச்சு முடிச்சாச்சு. கண்ணாடி கிளாஸு, பூ ஜாடி, எல்லாம். மேனேஜர் வர்றாரு, சட்டைய ஒழுங்கா உள்ள விடுய்யான்னு சொல்லிட்டுப் போறாரு. அண்ணன் அவசர அவசரமா உள்ள விட்டாரு. எத விட்டாரு? சட்டையோட சேத்து மேஜை விரிப்பையும் பேன்ட்டுக்குள்ள விட்டுட்டாரு! விட்டுட்டு நிமிந்து கம்பீரமா நடந்து போறாரு, பின்னாடியே மொத்த மேஜையும் ஊர்வலம் மாதிரி வருது. நாங்கல்லாம் நில்லு நில்லுன்னு கத்துறோம். அவசரம்னு நெனச்சு இன்னும் வேகமா நடக்குறாரு.

வயித்த வலிக்குதா? இருங்க, தண்ணி குடிங்க நீங்க.

வீட்லயும் இப்படித்தானா? கட்டில்லேர்ந்தா? தூக்கத்துலயே ஸாரி சொன்னாரா! ஐயோ, அது தெரியாமப் போச்சே, அங்க சொல்லியிருந்தா ஒரு வாரம் ஓட்டியிருப்போம்.

ஆனா ஒண்ணு அண்ணி. இத்தன வருஷத்துல அவரால அடுத்தவங்களுக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஒருக்கா பலூன் கட்டணும்னு ஒரு பையன் மேல ஏறுனான், அண்ணன ஏணிய மட்டும் புடிச்சுக்கச் சொன்னாங்க. புடிச்சாரு. ஏணி ஆடல, அசையல, ஏறுனவனும் பத்திரமா எறங்கி வந்துட்டான். செவுத்துல இருந்த கடிகாரம் விழுந்துச்சு, நேரா இவரு மண்டையில. எது விழுந்தாலும் அவரு மேலதான் விழும். அப்படி ஒரு ராசி.

அதனால கொஞ்சம் கொஞ்சமா அவரு வேலையக் கொறச்சுக்கிட்டே வந்தாங்க. கண்ணாடி தொடக் கூடாது, கேக்கு பக்கம் போகக் கூடாது, கடைசியில, ஊத்துற சாமான் எதுவும் இவரு கையில குடுக்கக் கூடாதுன்னு சமையல் மாஸ்டர் ஒரு சட்டமே போட்டுட்டாரு. நாப்கின் மடிச்சு வெக்கிறது மட்டும்தான் அண்ணனுக்கு. அதையும் ஒரு கொறையா எடுத்துக்காம, பூ மாதிரி, பறவை மாதிரி, என்னென்னமோ பண்ணுவாரு. சாப்பிட வந்த கொழந்தைங்க வாய் தொடைக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரும்.

அண்ணி, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பெட்டி... ஊருக்கா?

ஓ. அம்மா வீட்டுக்கா.

பாப்பாவையும் கூட்டிக்கிட்டா? எவ்வளவு நாளைக்குன்னு... சரி சரி, நான் கேக்கல.

இல்ல, உங்க கோவம் நியாயந்தான். யாருக்குத்தான் வராது? வேலை போயிருச்சு, அதுவும் எப்படிப் போச்சு, ஊரே சிரிக்கிற மாதிரி. வீடியோவா? அது தெரியும், எங்கெங்கயோ சுத்திட்டு வந்துச்சு. உங்க தம்பியும் பாத்தாரா? டிவியில போட்டா? எல்லாரும் உக்காந்துகிட்டா? நிறுத்தி நிறுத்தி மறுபடி மறுபடி ஓட்டுனாரா?

அண்ணன் அப்ப அங்கயே இருந்தாரா?

அவரும் சேந்து சிரிச்சாரா. ம். சிரிப்பாரு. அவரு சிரிப்பாரு.

அந்த வீடியோவுல பாதிதான் அண்ணி இருக்கு. அண்ணன் விழுந்த பெறகுதான் எவனோ ஃபோன எடுத்திருக்கான். நான் பக்கத்துலயே நின்னேன், என்னக் கேளுங்க, முழுசா சொல்றேன். அன்னிக்கு ஒரு பெரிய கம்பெனியோட விருந்து. மத்தியானம். குடும்பம் குட்டியோட ஹால் நெறைய ஆளு. மேடைக்குக் கீழ முதல் மேஜையில அந்தக் கம்பெனி முதலாளி. எல்லாரும் கருப்பு, நீலம்னு போட்டு வந்திருக்காங்க, அவரு மட்டும் வெள்ளக் கோட்டு, வெள்ள பேன்ட், வெள்ள ஷூ. பல்லு விளக்குற பேஸ்ட் விளம்பரத்துல வர்ற ஆளு மாதிரி. அந்த மேஜை என் பொறுப்பு. பரிசெல்லாம் குடுத்து முடிச்சாச்சு, பாட்டு ஓடிக்கிட்டு இருக்கு, நான் தட்டு நெறைய ஐஸ்க்ரீம் கப்போட நின்னுட்டு இருக்கேன். திடீர்னு தலைக்கு மேல ஒரு நெழலு. திரும்பிப் பாத்தா அண்ணன். கையில பெரிய சூப் பாத்திரம்.

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் மொத்த சூப்பும் முதலாளி தலையில. தக்காளி சூப்பு அண்ணி! வழியுது வழியுது, முடியில, மூக்குல, அந்த வெள்ளக் கோட்டுல, வழிஞ்சுகிட்டே இருக்கு. சூப்புல போட்ட ரொட்டித் துண்டு ஒண்ணு காதுல கம்மல் மாதிரி தொங்குது. அண்ணன் கால் மடங்கி மேஜை மேல சாய்ஞ்சு, விரிப்ப இழுத்துக்கிட்டு கீழ போறாரு, என் ஐஸ்க்ரீம் கப்பெல்லாம் நாலாப் பக்கமும் பறக்குது. ஒண்ணு போயி பாட்டுப் போடுறவரோட மடியில உக்காந்துச்சு, பாட்டு நின்னு போச்சு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. ஸாரி மட்டும் அன்னிக்குக் கொஞ்சம் லேட்டாதான் வந்துச்சு. மேஜைக்கு அடியிலேர்ந்து.

அப்புறம் எந்திரிச்சு, பூ மாதிரி மடிச்ச நாப்கின் ஒண்ண எடுத்து முதலாளி மொகத்தத் தொடைக்கிறாரு பாருங்க, தொடைக்கத் தொடைக்க சூப்பு நல்லாப் பரவுது. அந்த எடத்துலேர்ந்துதான் வீடியோ. ஆமா, அந்த ஆளு அண்ணன் சட்டையப் புடிச்சு உலுக்குறது, மேனேஜர் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிடுறது, எல்லாம் அதுல இருக்கும்.

அந்த ஆளு பாவமா? ம். கோட்டு பாவம்.

மேனேஜர் அங்கயே, எல்லார் முன்னாடியும், இப்பவே கெளம்புன்னுட்டாரு. அந்த மனுஷனும் சரிங்கன்னு சொல்லிட்டு, சூப்போடயே பின் வாசல் வழியா போயிட்டாரு. போற வழியில வாளியில கால விட்டாரு, அத விடுங்க.

இப்ப நான் எதுக்கு வந்தேன்னா, பை மட்டும் இல்ல, ஒரு விஷயமும் இருக்கு. நானும் அந்த வேலைய விட்டுட்டேன் அண்ணி. இல்ல இல்ல, யாரும் அனுப்பல, நானாத்தான். இப்ப ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல சேந்திருக்கேன். பரிமாற இன்னும் ஒரு ஆளு வேணுமாம். நான் அண்ணனப் பத்தி சொன்னேன். கேன்டீன் பாத்துக்கறவரு யோசிச்சுட்டு, யாரு, அந்த சூப்பு வீடியோ ஆளான்னாரு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஆமாங்க, அவருதான்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, சரி வரச் சொல்லு, இங்க எல்லாம் ஸ்டீல் தட்டு, ஸ்டீல் டம்ளரு, போட்டு ஒடைக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு. திங்கக்கெழம காலையில வந்தாப் போதும். நீங்க சொல்லி அனுப்புங்க. நான் சொன்னா, உனக்கெதுக்கும்மா சிரமம்னு தட்டிக் கழிச்சிருவாரு.

சரி அண்ணி, நான் கெளம்பறேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரம் ஆயிருக்கும். என் செருப்பு... ஆங், இங்க கெடக்கு.

என்ன அண்ணி? எது? கண்ணு தெரியாதான்னா கேக்குறீங்க? அவ்வளவு பெரிய ஆளு உக்காந்திருக்கறது அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியாதான்னா?

தெரியும் அண்ணி. அந்த ஹால்ல அவரு ஒருத்தருக்குத்தான் கண்ணு தெரிஞ்சுது.

நான் ஐஸ்க்ரீம் தட்டோட அந்த மேஜைகிட்ட குனிஞ்சு நின்னேன். ரெண்டு கையும் தட்டுல. அந்த வெள்ளக் கோட்டுக்காரன் கை என் இடுப்புல இருந்துச்சு. முதல்ல தெரியாம பட்டுருச்சு போலன்னு நெனச்சேன். நகந்தேன், கையும் கூடவே வந்துச்சு. தட்டப் போட்டா வேலை போயிரும். சத்தம் போட்டா என்ன ஆகும்னு தெரியல. பக்கத்துல உக்காந்திருந்தவங்க பாத்துட்டு, பாக்காத மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. நிமிந்து பாத்தேன், தூரத்துல அண்ணன், நாப்கின் மேஜைகிட்ட, என்னையே பாத்துட்டு நின்னாரு. அடுத்து பாக்குறப்ப ஆளக் காணோம்.

சூப்பெல்லாம் எப்பவோ முடிஞ்சு உள்ள போயாச்சு அண்ணி. ஐஸ்க்ரீம் குடுக்குற நேரத்துல யாரு சூப்பு எடுத்துட்டு வருவா? மிச்சம் இருந்தது, ஆறிப் போனது. அந்த ஆளுக்குக்கூட சுடக் கூடாதுன்னு ஆறுனதாப் பாத்து எடுத்திருக்காரு. இத மேனேஜர் கேக்கல, மாஸ்டர் கேக்கல, ஒருத்தரும் கேக்கல. பூகம்பம்தானே, இதுல கேக்க என்ன இருக்கு?

நான் மேனேஜர்கிட்ட சொல்லத்தான் ஓடுனேன். அண்ணன்தான் பின் வாசல்ல நிறுத்திட்டாரு. நீ சொன்னா உன்னத்தாம்மா பேசுவாங்க, நான் விழுந்தா யாரும் புதுசா ஒண்ணும் பேசப் போறதில்ல, போ, போயி வேலையப் பாருன்னாரு. தலையெல்லாம் சூப்பு, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. உங்ககிட்டயாவது சொல்லியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் இவ்வளவு நாளு வரல. சொல்லலன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

சமையல் கூடம் ஹாலுக்கு அந்தக் கோடியில. இந்த மேஜை இந்தக் கோடியில. நடுவுல எத்தன நாற்காலி, எத்தன ஆளு, ஓடுற கொழந்தைங்க. பாத்திரத்துல விளிம்பு வரைக்கும் சூப்பு. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நேரா நடந்து வந்திருக்காரு அண்ணி. அப்புறம் நான்தான் தரையத் தொடைச்சேன். வழி நெடுகத் தேடிப் பாத்தேன். ஒரு சொட்டுகூட சிந்தியிருக்கல.

இல்ல, எந்திரிக்காதீங்க. நீங்க உக்காருங்க அண்ணி. கதவ நானே சாத்திக்கறேன்.