இடப்பையிலிருந்து வலப்பைக்கு

எனக்குக் கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது, ஐயா. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் இந்த டீயைக்கூட நான் தொடமாட்டேன். ஓடுவேன், அவ்வளவுதான்.

ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் உடம்பு முரண்டு பிடிக்கும். பிறகு வலி போய், உள்ளே இனிப்பாக ஏதோ பரவும். டாக்டரான என் மச்சான் அதற்கு எண்டார்ஃபின் என்று பெயர் சொன்னார். "உங்க உடம்பே காய்ச்சுற சரக்கு, மாப்ளே. நீங்களும் குடிகாரர்தான், என்ன, வாடை வராது" என்று சிரித்தார். என் கால் எலும்பில் விரிசல் கண்ட பிறகு அவர் சிரிக்கவில்லை. ஓடவே கூடாது என்றார். என் மனைவிக்கு அண்ணன் சொன்னால் வேதவாக்கு. ஷூவை ஒளித்துவைத்துவிட்டாள்.

ஓடாத நாளில் எனக்குக் கை நடுங்கும். எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். குடும்ப நிம்மதிக்காகவாவது நான் ஓட வேண்டியிருந்தது.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அன்று மாலை அவளுடைய இன்ஹேலரை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "ஷூவைக் கொடு, இதைத் தர்றேன்" என்றேன்.

"விளையாடாதீங்க, இப்பவே இழுக்குது" என்றாள்.

வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஷூ வந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே வந்து தெருவில் மானத்தை வாங்குவாள் என்று கதவை வெளியே பூட்டிவிட்டு ஓடினேன்.

முதல் திருப்பத்திலேயே இன்ஹேலர் தொடையில் தட்டியது. மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், தெரிந்தது. ஆனால் உடம்பு அப்போதுதான் சூடாகியிருந்தது. நடுவில் நின்றால் எல்லாம் பாழ். இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றிக்கொண்டேன்.

எங்கள் வீட்டைச் சுற்றித்தான் என் பாதை. ஒவ்வொரு சுற்றிலும் ஜன்னலைக் கடப்பேன். கம்பியில் கரண்டியால் தட்டினாள். "இதோ வந்துட்டேன்மா" என்று கையசைத்தேன். அடுத்த சுற்றிலும் தட்டினாள், மெதுவாக. அப்போதுதான் கால் வலி விட்டு அந்த இனிப்பு வந்தது. அதற்கடுத்த சுற்றில் சத்தமே இல்லை. அப்பாடா, இழுப்பு அடங்கிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாக இன்னும் ஒரு சுற்று ஓடினேன்.

மச்சான் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஷூவைத் தடயம் என்று எடுத்து வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, ஐயா. இந்த ஸ்டேஷன் வராந்தாவில் வெறுங்காலோடும் ஓடலாம்.